மில் மேனேஜர் மகனும் நம் வீட்டு ரேஷன் கார்டும்



உங்கள் வீட்டு பீரோவில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். அதற்குள் ஆதார் அட்டை, அதன் நாலைந்து ஜெராக்ஸ், ரேஷன் கார்டு, கேஸ் புக், பாங்க் பாஸ்புக், வீட்டு வரி ரசீது. பாட்டியின் பென்ஷன் முதல் பேத்தியின் ஸ்காலர்ஷிப் வரை எதற்கு அலைந்தாலும் முதலில் அந்தக் கவரைத்தான் தேடுவோம். இந்தக் காகிதங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கு வழி செய்தவர்களில் முக்கியமான ஒருவர், ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தவர். நந்தன் நிலேகனி.

பெயரைக் கேட்டதும் "இன்ஃபோசிஸ்காரர்தானே?" என்பீர்கள். "ஆதார் கொண்டுவந்தவர்" என்பார்கள் வேறு சிலர். இரண்டும் சரி. ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் பெங்களூரில் செய்த ஒரு வேலை உண்டு. அதைப் பற்றி நம் பத்திரிகைகள் அதிகம் எழுதியதில்லை. எனக்கு அவருடைய கதையில் பிடித்த பகுதியும் அதுதான். நேரே அங்கே போய்விடலாம் என்றுதான் ஆசை. ஆனால் அவர் எங்கிருந்து வந்தார் என்று தெரியாமல் அது புரியாது.

நிலேகனி 1955-இல் பெங்களூரில் பிறந்தவர். அப்பாவுக்குத் துணி மில்லில் மேனேஜர் உத்தியோகம். பையன் பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியில் படித்தான். 12 வயதில் தார்வாடில் இருந்த உறவினர் வீட்டுக்குப் போய் அங்கே படிப்பைத் தொடர்ந்தான். 1973-இல் பம்பாய் ஐஐடியில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங். சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளை நன்றாகப் படித்தால் நடக்கிற கதைதான் இதுவரை.

படிப்பு முடிந்து 1978-இல் பட்னி கம்ப்யூட்டர்ஸில் வேலைக்குப் போனார். அங்கே அவரை இன்டர்வியூ செய்தவர் நாராயண மூர்த்தி. மூன்று வருடம் கழித்து, 1981-இல், இவர்கள் இருவரும் உட்பட ஏழு பேராகச் சேர்ந்து இன்ஃபோசிஸ் தொடங்கினார்கள். நாராயண மூர்த்தியின் மனைவி சுதா மூர்த்தி கொடுத்த 10,000 ரூபாய் கதை தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. நிலேகனியின் மனைவி ரோகிணியும் தன் சேமிப்பிலிருந்து 10,000 ரூபாய் போட்டார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவர் அப்போது பத்திரிகையாளர். எங்கள் தொழிலில் இருந்து ஒருவர் அந்தக் காலத்தில் 10,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தார் என்பதே எனக்குப் பொறாமையாக இருக்கிறது!

அன்றைக்குக் கம்பெனி நடத்துவது என்றால் பாதி நேரம் அரசாங்க அலுவலகத்து வராண்டாவில்தான் போகும். ஒரு டெலிபோன் இணைப்புக்குக் காத்திருந்ததையும், ஒரு கம்ப்யூட்டரை இறக்குமதி செய்ய டெல்லிக்கு நடையாய் நடந்ததையும் நாராயண மூர்த்தி பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். இந்த அனுபவம் இன்ஃபோசிஸ் ஆட்களின் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது என்று நினைக்கிறேன். சிலர் இதனால் அரசாங்கமே வேண்டாம் என்ற முடிவுக்குப் போவார்கள். நிலேகனிக்கு வேறு கேள்வி வந்தது. இந்த அரசாங்கக் கவுண்ட்டரை ஏன் சரிசெய்யக் கூடாது?

இன்ஃபோசிஸ் 1993-இல் இந்தியப் பங்குச் சந்தைக்கு வந்தது. 1999 மார்ச்சில் அமெரிக்காவின் நாஸ்டாக்கில் பட்டியலானது. இந்தியாவில் பதிவான ஒரு நிறுவனம் அங்கே போனது அதுவே முதல் தடவை. நிலேகனி 2002 முதல் 2007 வரை தலைமைச் செயல் அதிகாரி. வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் பேசி நம்பிக்கை வாங்குவது அவர் பலம். அமெரிக்கப் பத்திரிகையாளர் தாமஸ் ஃப்ரீட்மன் எழுதிய 'உலகம் தட்டையானது' என்ற புகழ்பெற்ற புத்தகத்துக்குப் பொறி கிடைத்ததே பெங்களூரில் இவரோடு நடந்த உரையாடலில்தான். இதற்கு மேல் கம்பெனிக் கதை வேண்டாம். சோழிங்கநல்லூரிலும் மகிந்திரா சிட்டியிலும் அந்தக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்த பிள்ளைகள் நம் வாசகர் வீடுகளில் நிறைய பேர். அவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

இப்போது பெங்களூருக்கு வருவோம்.

1999-இன் கடைசியில் கர்நாடக முதல்வராக எஸ்.எம். கிருஷ்ணா வந்தார். நகரம் ஐடி கம்பெனிகளால் வீங்கிக்கொண்டிருந்தது. சாலை, குப்பை, தண்ணீர், மின்சாரம் எல்லாவற்றிலும் புகார். கிருஷ்ணா ஒரு குழுவை அமைத்து, அதற்கு நிலேகனியைத் தலைவராக்கினார். பெங்களூர் அஜெண்டா டாஸ்க் ஃபோர்ஸ் என்று பெயர். குழுவுக்குச் சட்ட அதிகாரம் எதுவும் கிடையாது. மாநகராட்சி, வளர்ச்சி ஆணையம், குடிநீர் வாரியம், மின்சாரம், டெலிபோன், நகரப் பேருந்து, போலீஸ் என்ற ஏழு துறைகளோடும் உட்கார்ந்து பேசி, வேலை நடக்கவைக்க வேண்டும். அவ்வளவுதான்.

குழு போட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? கூட்டம், டீ, பிஸ்கெட், அறிக்கை, அலமாரி. இந்தக் குழு வித்தியாசமாக ஒன்று செய்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொது அரங்கில் கூட்டம். முதல்வர் முன்வரிசையில் இருப்பார். அரங்கு நிறைய பொதுமக்கள். ஏழு துறைத் தலைவர்களும் ஒவ்வொருவராக மேடையேறி, போன கூட்டத்தில் என்ன செய்வதாகச் சொன்னோம், எவ்வளவு செய்தோம், அடுத்த ஆறு மாதத்தில் என்ன செய்வோம் என்று சொல்ல வேண்டும். ஊரே பார்க்க ஓர் அதிகாரி "இந்தச் சாலையை முடித்துவிட்டோம்" என்று சொல்லிவிட்டால், மறுநாள் அந்தச் சாலையில் நடப்பவருக்கு உண்மை தெரிந்துவிடுமே! கம்பெனிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்குதாரர்களுக்குக் கணக்குச் சொல்கிற பழக்கத்தை அப்படியே ஊருக்குக் கொண்டுவந்தார்கள்.

இந்த வேலைக்கு நிலேகனி தன் கைக்காசையும் போட்டார். ஆனால் காசு இங்கே பெரிய விஷயம் இல்லை. அவர் கொடுத்தது தன் தொழில்.

வீட்டு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த வீடு வைத்திருக்கிற எவருக்கும் இந்தக் காட்சி தெரிந்திருக்கும். வரி போடுகிறவர் வருவார். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். ஒரு தொகையைச் சொல்வார். அது எப்படி வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. "பார்த்துப் பண்ணிக்கலாம் சார்" என்ற பேச்சு அங்கேதான் தொடங்கும். பக்கத்து வீட்டுக்காரர் நம்மைப் போலவே இரண்டு மாடி கட்டியிருப்பார், நம்மில் பாதி வரி கட்டுவார். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

பெங்களூர் மாநகராட்சி 2000-இல் சுயமதிப்பீட்டு முறையைக் கொண்டுவந்தது. எந்தப் பகுதி, எத்தனை சதுர அடி, என்ன மாதிரிக் கட்டடம், சொந்த உபயோகமா வாடகையா என்று பார்த்து, அச்சிட்ட விகிதப்படி வீட்டுக்காரரே கணக்குப் போட்டுக் கட்டிவிடலாம். நடுவில் ஆள் தேவையில்லை. கட்டாயமும் இல்லை, விரும்பியவர்கள் மட்டும் செய்யலாம். பல அதிகாரிகளும் குடிமக்கள் அமைப்புகளும் சேர்ந்து இழுத்த தேர் அது. ஒருவருடைய சாதனை என்று சொன்னால் தப்பு. ஆனால் முதல் வருடத்திலேயே வசூல் கூடியது. மக்கள் வரி கட்ட மறுக்கிறார்கள் என்பது பாதி உண்மைதான். எவ்வளவு, ஏன் என்று தெளிவாகச் சொன்னால் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்த மாற்றங்களை மக்கள் உணர்ந்தார்களா? பெங்களூரில் சாமுவேல் பால் என்ற பொருளாதார அறிஞர் 1994-இல் பொது விவகார மையம் என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ரேங்க் கார்டு கொடுப்பதுபோல, மக்களிடம் கேட்டு அரசுத் துறைகளுக்கு மதிப்பெண் போடுவது அந்த அமைப்பின் வேலை. முதல் இரண்டு முறை துறைகள் வாங்கிய மார்க் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 2003-இல் மூன்றாவது கார்டு வந்தபோது திருப்தி தெளிவாக ஏறியிருந்தது.

இதையெல்லாம் படிக்கும்போது சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் உங்களிடம் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அந்தக் குழுவில் இருந்தவர்களை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. முதல்வர் தேர்ந்தெடுத்தார். வார்டு கவுன்சிலருக்கு இல்லாத செல்வாக்கு, ஓட்டு வாங்காத ஒரு கம்பெனித் தலைவருக்கு எப்படி வந்தது என்று அப்போதே கேட்டார்கள். குடிசைப் பகுதியில் இருக்கிறவரின் குரல் அந்த அரங்கில் எவ்வளவு கேட்டது என்றும் கேட்டார்கள். நியாயமான கேள்விகள். 2004-இல் ஆட்சி மாறியது. குழு ஓய்ந்துபோனது. சட்டத்தில் வேர் இல்லாத செடி, தண்ணீர் ஊற்றுகிறவர் போனதும் வாடிவிட்டது. இன்றைக்கு பெங்களூரில் ஒரு மழை பெய்தால் என்ன ஆகிறது என்று டிவியில் பார்க்கிறோம்.

அந்த அனுபவத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடத்தைக் கவனியுங்கள். குழு போய்விடும், முதல்வர் மாறுவார், கமிஷனர் டிரான்ஸ்ஃபர் ஆவார். எது நிற்கும்? அன்றாட வேலை நடக்கிற முறைக்குள்ளேயே புகுந்துவிட்ட மாற்றம் நிற்கும். 2003-இல் ஸ்ரீகாந்த் நாதமுனி என்பவரோடு சேர்ந்து இகவர்ன்மென்ட்ஸ் ஃபவுண்டேஷன் என்ற லாபநோக்கற்ற அமைப்பைத் தொடங்கினார். நாதமுனி அமெரிக்காவில் சிலிக்கான் வேலியில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். நகராட்சிகளுக்கான சாஃப்ட்வேர் செய்வதுதான் வேலை. வீட்டு வரி, பிறப்பு இறப்புச் சான்றிதழ், கணக்குப் புத்தகம், "தெருவிளக்கு எரியவில்லை" என்ற புகார். இந்த அமைப்போடு சேர்ந்து வேலை செய்த மாநகராட்சிகளில் நம் சென்னையும் ஒன்று. ஆக, நீங்கள் வீட்டில் உட்கார்ந்தபடி வரி கட்டிய ஒரு நாளில், உங்களுக்குத் தெரியாமலேயே இந்தக் கதைக்குள் நீங்களும் வந்திருக்கலாம்.

நம் ஊரில் தர்மம் என்றால் கல்வெட்டு உண்டு. ஃபேனில் பெயர், பெஞ்சில் பெயர், வாட்டர் டேங்க்கில் பெயர். தப்பில்லை, பெயருக்காகவாவது ஒரு ஃபேன் சுற்றினால் நல்லதுதான். ஆனால் நகராட்சி சாஃப்ட்வேரில் யாருடைய பெயரை எழுத முடியும்? அதற்கு நன்கொடை கொடுக்க, பெயர் ஆசை இல்லாத மனசும் கொஞ்சம் வேண்டும். கட்டடம் திறந்தால் போட்டோ வரும். பிறப்புச் சான்றிதழ் சீக்கிரம் கிடைத்தால் யார் போட்டோ எடுப்பார்கள்?

சரி, ஆதாருக்கு வருவோம். அது தானம் இல்லை, அரசாங்க வேலை. 2009-இல் இன்ஃபோசிஸை விட்டு வெளியேறி, மத்திய அமைச்சருக்குச் சமமான அந்தஸ்தில் தனித்துவ அடையாள ஆணையத்தின் தலைவரானார். 2010 செப்டம்பர் 29-ஆம் தேதி, மகாராஷ்டிராவின் நந்துர்பார் மாவட்டத்தில் டெம்ப்ளி என்ற பழங்குடிக் கிராமத்தில் முதல் ஆதார் எண் கொடுக்கப்பட்டது. 2014 மார்ச்சில் அவர் பதவியை விட்டு வெளியேறும்போது சுமார் 60 கோடிப் பேர் சேர்ந்திருந்தார்கள். 2016-இல் 100 கோடியைத் தாண்டியது.

இவ்வளவு வேகம் எப்படி? கேட்காமல் விட்டதில் இருக்கிறது பதில். பெயர், பிறந்த தேதி, பாலினம், முகவரி. பத்து விரல் ரேகை, இரண்டு கருவிழி, ஒரு போட்டோ. (அந்த போட்டோவைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. இந்தியர்கள் அத்தனை பேரையும் சமமாக அசிங்கப்படுத்திய ஒரே விஷயம் அதுதான்.) சாதி கேட்கவில்லை, மதம் கேட்கவில்லை, வருமானம் கேட்கவில்லை. அரசாங்க ஃபாரம் ஒன்றை நிரப்பிய எவருக்கும் இதன் அருமை தெரியும். தாத்தா பெயர் வரை கேட்கிற ஊர் இது.

யாருக்காக இதைச் செய்தார்கள்? ஊரைவிட்டு ஊர் பிழைக்கப் போகிறவருக்கு, ரேஷன் கார்டோ பத்திரமோ எதுவும் கையில் இல்லாதவருக்கு, "நான் நான்தான்" என்று காட்ட ஒரு வழி வேண்டும் என்பதற்காக. நமக்கு டிரைவிங் லைசென்ஸும் பாஸ்போர்ட்டும் இருந்தன. செங்கல் சூளையில் வேலை செய்கிறவருக்கு என்ன இருந்தது? கேஸ் மானியம் நேராக பாங்க் கணக்குக்கு வருவதும், நூறு நாள் வேலைச் சம்பளம் கணக்கில் விழுவதும் இந்த எண்ணின் மேல் கட்டிய மாடிகள். மானியத்தை நேரடியாகக் கொடுப்பதைப் பற்றி 2011-இல் அரசு அமைத்த குழுவுக்கும் அவர்தான் தலைவர். டோல்கேட்டில் வண்டி நிற்காமல் போக என்ன தொழில்நுட்பம் வேண்டும் என்று 2010-இல் பரிந்துரைத்த குழுவுக்கும் அவரே தலைவர். இன்றைய ஃபாஸ்டேக் அந்த வழியில் வந்தது.

இனி ரேஷன் கடைக்குப் போவோம். மாதத்தின் முதல் வாரம். வரிசையில் 70 வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. மெஷினில் விரலை வைக்கிறார். சிவப்பு விளக்கு. "கையைத் துடைச்சுட்டு வைங்க பாட்டி." முந்தானையில் துடைத்து வைக்கிறார். மறுபடியும் சிவப்பு. அடுத்த விரல். அதற்கடுத்தது. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். "ரேகை விழலை, அப்புறம் வாங்க." உப்பளத்திலும் சிமெண்ட் கலவையிலும் நாற்பது வருடம் புழங்கிய கையில் ரேகை எங்கே இருக்கும்? உழைத்துத் தேய்ந்த கைக்குத்தான் இந்த மெஷின் கதவை மூடுகிறது. ஆபீஸில் பேனா பிடித்தவர் விரலை வைத்தவுடன் பச்சை எரிகிறது.

ரேகை விழாதவருக்கும் பொருள் கொடுக்க விதியில் வழி உண்டு. கருவிழியைப் பார்க்கிற கருவி, போனுக்கு வருகிற ஓடிபி, வேறு ஆளை அனுப்புவது என்று சிலவற்றைச் செய்கிறார்கள். ஆனால் அந்த வழி எல்லாப் பாட்டிகளுக்கும் தெரியுமா? கடைக்காரருக்குப் பொறுமை இருக்குமா? தமிழ்நாட்டில் எல்லோருக்கும் ரேஷன் என்ற ஏற்பாடு இருப்பதால் நாம் ஓரளவு தப்பித்தோம். 2017-இல் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். ஆதாரோடு இணைக்காததால் ரேஷன் கார்டு ரத்தானது, வீட்டில் சோறில்லை என்று தாய் சொன்னார். நோயால் இறந்தாள் என்றது அரசு. எது எப்படியோ, அந்த வீட்டின் கார்டு ரத்தானது என்பது ஒரு தாய்க்கு என்ன என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆதாரை எதிர்த்து 2012-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவரும் ஒரு பெங்களூர்க்காரர்தான். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. அப்போதே 80 வயதைத் தாண்டியவர். அவர் வழக்கிலிருந்துதான், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன தீர்ப்பு வந்தது. 2018 செப்டம்பரில் ஆதார் செல்லும் என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். ஒருவர், சந்திரசூட், மறுத்து எழுதினார். தீர்ப்பின்படி, அரசு மானியத்துக்கும் பான் கார்டுக்கும் ஆதார் கேட்கலாம். பாங்க் கணக்குக்கும் செல்போன் சிம்முக்கும் கட்டாயப்படுத்தக் கூடாது. பள்ளிக்கூடச் சேர்க்கைக்குக் கட்டாயம் இல்லை. இதை இன்றும் பலர் மறந்துவிட்டு, எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸை நீட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஒரே ஊர். ஒருவர் தன் ஓய்வுக்காலத்துக்கு முன்பே பெரிய வேலையை விட்டுவிட்டு ஆதாரைக் கட்டினார். இன்னொருவர் ஓய்வுக்காலத்தில் அதைக் கேள்வி கேட்டார். இரண்டு பேரில் யார் ஊருக்கு நல்லது செய்தவர் என்று கேட்டால், இரண்டு பேரும்தான் என்பேன். புட்டசாமியின் வழக்கு இல்லாவிட்டால் ஆதார் இன்னும் கரடுமுரடாக நம் மேல் விழுந்திருக்கும். யாரோ ஒரு பணக்காரர் ஆஸ்பத்திரிக்கு வாங்கிக் கொடுத்த கட்டில் உடைந்தால் ஒரு நோயாளிக்குக் கஷ்டம். இவர் கட்டியது 100 கோடிப் பேர் நடக்கிற பாதை. அங்கே ஆயிரத்தில் ஒருவருக்குக் கால் தடுக்கினாலும் பத்து லட்சம் பேர். அதனால்தான் செக் எழுதிக் கொடுக்கிறவரைவிட, தன் திறமையைக் கொடுக்கிறவரிடம் நாம் அதிகம் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

2014-இல் ஓர் ஆசை வந்தது அவருக்கு. பெங்களூர் தெற்குத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளராக நின்றார். தெருத்தெருவாக நடந்தார். பாஜகவின் அனந்த் குமாரிடம் 2 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். ஊருக்கு நல்லது செய்தவருக்கு ஊர் ஓட்டுப் போட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

அந்த அடுத்த வேலை பிள்ளைகளின் படிப்பு. ரோகிணியோடும் ஷங்கர் மருவாடாவோடும் சேர்ந்து எக்ஸ்டெப் என்ற அமைப்பைத் தொடங்கினார். பாடங்களை போனில் கொண்டுவருவதற்கான தொழில்நுட்பத்தைச் செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்து வைத்தார்கள். மத்திய அரசின் தீக்ஷா தளம் அதன் மேல் எழுந்தது. 2018-இல் தமிழ்நாட்டில் புதிய பாடப்புத்தகங்கள் வந்தபோது ஓரத்தில் ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம் அச்சாகியிருந்தது ஞாபகம் இருக்கிறதா? க்யூஆர் கோடு. போனில் அதை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ திறக்கும். தமிழ்நாட்டு ஆசிரியர்களும் கல்வித் துறையும் உழைத்துச் செய்தது அது. அடியில் இருந்த தளம் தீக்ஷா.

அம்மாக்கள் பலர் இதை முதலில் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள். போனைப் பிடுங்கி வைப்பதே பெரும்பாடு, இதில் புத்தகமே போனைக் கேட்கிறதா? கொரோனா வந்து பள்ளிக்கூடம் மூடியபோது அந்தக் கட்டம் சில வீடுகளில் உதவியது. சில வீடுகளில் உதவவில்லை. வீட்டில் இருக்கிற ஒரே ஸ்மார்ட்போனை அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டால், அவர் ராத்திரி திரும்பி வரும்வரை பாடம் காத்திருக்க வேண்டியதுதான். இதுவும் ரேஷன் கடை மெஷின் மாதிரிதான். மேலே இருந்து திட்டம் வரைகிறவர்களுக்கு இந்த ஒற்றை போன் கண்ணில் படுவதில்லை.

ரோகிணியைப் பற்றித் தனியாகவே ஒரு பக்கம் எழுதலாம். அவர் தாத்தா பாபாசாகேப் சோமன், 1917-இல் சம்பாரண் சத்தியாகிரகத்தின்போது காந்தியோடு போய்ச் சேர்ந்தவர். பேத்தி தன் இன்ஃபோசிஸ் பங்குகளை விற்று, 2005-இல் 100 கோடி ரூபாயைத் தண்ணீருக்காக ஒதுக்கினார். அர்க்யம் என்பது அந்த அமைப்பின் பெயர். வேறு யாரும் பெரிதாகக் கவனிக்காத நிலத்தடி நீரை அது கையில் எடுத்துக்கொண்டது. கிராமத்துக் குடிதண்ணீரில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. அதற்கு முன்பே, 2004-இல், குழந்தைகளுக்குக் குறைந்த விலையில் பல மொழிகளில் கதைப் புத்தகம் போட பிரதம் புக்ஸ் அமைப்பைச் சேர்ந்து தொடங்கியிருந்தார். அவர்களுடைய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் ஏராளமான குழந்தைக் கதைகள் படத்தோடு இலவசமாகக் கிடைக்கின்றன. பேரப்பிள்ளைகள் இருக்கிற வாசகர்கள் இன்று ராத்திரியே திறந்து பாருங்கள். இந்த இதழில் நான் சொல்கிற ஒரே விளம்பரம் இதுதான், காசு வாங்காத விளம்பரம்.

இரண்டு பேருமாக 2017-இல் தங்கள் சொத்தில் பாதியைக் கொடுப்பதாக உலக அளவில் நடக்கும் கிவிங் பிளெட்ஜ் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டார்கள். 2023-இல், பம்பாய் ஐஐடியில் சேர்ந்து 50 வருடம் ஆனதை ஒட்டி நிலேகனி 315 கோடி ரூபாய் கொடுத்தார். முன்பு கொடுத்த 85 கோடியையும் சேர்த்தால் 400 கோடி. பெரிய தொகைதான். ஆனால் 315 கோடி என்று படிக்கும்போது நமக்கு என்ன தோன்றுகிறது? "அவரிடம் இருக்கிறது, கொடுக்கிறார்" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவோம். அந்த எண்ணில் நமக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. பெங்களூர் வீட்டு வரிக் கதையில் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். நம் தெருவில் யாரெல்லாம் ரிட்டயர் ஆகியிருக்கிறார்கள்? பாங்க்கில் முப்பது வருடம் ஆடிட் பார்த்தவர் இருக்கிறார். மின்வாரியத்தில் ஜூனியர் இன்ஜினீயராக இருந்து டிரான்ஸ்ஃபார்மரின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்கிறவர் இருக்கிறார். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து, எந்த மனுவை எந்த மேஜையில் கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவர் இருக்கிறார். ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து, ஆயிரம் பிள்ளைகளை ஒரு விசிலில் வரிசையில் நிறுத்தியவர் இருக்கிறார். காலையில் வாக்கிங், பேப்பர், பிறகு "இந்த நாடு உருப்படாது" என்ற பேச்சு. இவர்களிடம் கோடி ரூபாய் இல்லை. ஆனால் தொழில் தெரியும்.

கிராமசபையில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கிறார்கள். எத்தனை பேர் உட்கார்ந்து கேட்கிறோம்? அந்த ஆடிட்டர் தாத்தா ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? "போன தடவை இந்தத் தெருவுக்கு சிமெண்ட் ரோடு என்று எழுதியிருக்கிறதே, எந்த இடத்தில் போட்டீர்கள் தம்பி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டால்? இதற்கு முதல்வர் குழு போட வேண்டியதில்லை. முன்வரிசையில் ஒரு நாற்காலி போதும். பாட்டிக்கு ரேகை விழாதபோது "விதியில் வேற வழி இருக்குப்பா, எழுதிக் கொடு" என்று கூட நின்று சொல்ல ஒருவர் இருந்தால், 100 கோடிப் பேருக்கான மெஷினில் இருக்கிற ஓட்டை அந்த ஒரு கடையிலாவது அடைபடும்.

நிலேகனி 2017 ஆகஸ்டில் இன்ஃபோசிஸுக்கே திரும்பினார். கம்பெனிக்குள் சண்டை முற்றி, தலைமைச் செயல் அதிகாரி விஷால் சிக்கா விலகிய நேரம். நிறுவியவர்களில் ஒருவர் வந்து உட்கார்ந்தால்தான் நிலைக்கும் என்று கூப்பிட்டார்கள். நிர்வாகப் பொறுப்பில்லாத தலைவர் பதவி. சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வீட்டுப் பெரியவர் ஊர் வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்து, பங்காளிச் சண்டையைத் தீர்க்கத் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நான் மேலே சொன்ன மாதிரி ஆள் உங்கள் ஊரில் நிஜமாகவே யாராவது இருக்கிறாரா? ஓய்வுபெற்ற பிறகு ஏரிக்கணக்கைப் பார்க்கிறவர், வார்டு ஆபீஸில் மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறவர், ரேஷன் கடையில் வயதானவர்களுக்காகப் பேசுகிறவர். அவரைப் பற்றி ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். பெரிய சாதனை வேண்டாம். எந்த ஆபீஸில், எந்த வேலையை, எப்படி நடக்கவைத்தார் என்று மட்டும் விவரமாக இருக்கட்டும். படித்துவிட்டுப் பக்கத்து ஊர்க்காரர் அதே மாதிரி செய்து பார்க்கிற அளவுக்கு விவரம் வேண்டும். அவருடைய சம்மதத்தைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். வருவதில் நல்லவற்றை அடுத்தடுத்த இதழ்களில் போடுகிறோம்.

ரேகை விழாத அனுபவம் உள்ளவர்களும் எழுதலாம். மாற்று வழியில் பொருள் கிடைத்ததா, இல்லையா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்